கடுஞ்சொல் ஆகாத வீடு

— சத்தம் போடாதையும். அம்மாள் இருக்கிற வீடு.

— நான் எங்கயக்கா சத்தம் போட்டனான்? பெடியனை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வரட்டோ எண்டுதானே கேட்டனான்.

— கேட்டது காணும். அவன் அருளப்பு அண்ணையின்ர ஓட்டோவுக்குள்ள இருக்கட்டும். நீர் முதல் இந்தக் கதிரையில இரும், துஷாந்தினி. மூண்டு வரியத்துக்குப் பிறகு வந்திருக்கிறீர். வாசல்ல வைச்சு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்?

— இருக்க நேரமில்லை கோசலாக்கா. பன்னிரண்டரை பஸ்ஸை விட்டால் சரவணைக்குப் போய்ச் சேரப் பொழுதுபட்டிடும். தேனுஜனை உள்ள கிடக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில ஒரு பத்து நிமிசம் இருத்தினால் காணும். ஒரு கோப்பையில ரெண்டு வாய் சாப்பிட்டு, ஒரு துவாயால முகத்தைத் துடைச்சால் இன்னும் நல்லம். மூத்தவள் கஜானிக்கும் அப்பிடித்தான் எடுத்தனான்.

— எடுத்தனீர். சங்கக்கடையில சீனி எடுத்த மாதிரிச் சொல்லுறீர்.

— வேற எப்பிடியக்கா சொல்லுறது? கொப்புளிப்பான் சின்னனில வந்து போட்டால் கரைச்சல் இல்லை. வளந்தாப் பிறகு வந்தால் ஆளை முறிச்சுப் போடும். ஆவணியில எங்களுக்குக் கனடாப் பயணம். அதுக்கு முதல் இவனுக்கும் வாங்கி விட்டிட்டால் என்ர நெஞ்சு ஆறும்.

— அதுக்கு ஊசி இருக்குது. யாழ்ப்பாணத்தில காசுக்குப் போடுகினம். ரெண்டு தரம் போட வேணும், அவ்வளவுதான்.

— ஊசியோ? எங்கட மச்சாள் போட வேண்டாமெண்டு சொன்னவ. வட்ஸ்அப்பில ஒரு குறூப் இருக்கு, அதில வடிவா எழுதிப் போட்டிருக்கினம். ஊசியால வாறது உடம்பில தங்காதாம். அம்மாள் தானா வந்து தந்திட்டுப் போனால்தான் சாகுமட்டும் நிக்குமாம்.

— ஓம். என்ர பிள்ளைக்குச் சாகுமட்டும் நிண்டதுதான்.

— ஐயோ அக்கா, நான் அதை நினைச்சுச் சொல்லேல்லை.

— நல்லது. நான் நினைச்சுத்தான் சொன்னனான்.

— நீங்கள் கோவமா இருக்கிறீங்கள்.

— கோவமோ? என்ர குரலைக் கேளும். எவ்வளவு மெல்லமாக் கதைக்கிறன் பாரும். அம்மாள் வந்திருக்கேக்க வீட்டில கடுஞ்சொல் சொல்லக் கூடாது, தாளிக்கக் கூடாது, கிடக்கிற ஆள் வாய் திறந்து கேட்டதை இல்லை எண்டு சொல்லக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. உமக்குத் தெரியாததோ? நீர் ரெண்டாம் முறையா வாங்க வந்த ஆள்.

— உள்ள கிடக்கிறது ஆரக்கா? உங்கட தங்கச்சி ஞானசவுந்தரியின்ர மகளோ? லீவுக்கு வந்து நிண்டவள் எண்டு கேள்விப்பட்டனான்.

— வந்து நிண்டவள்தான். அந்தத் திரையை இழுக்காதையும். வெளிச்சம் கண்ணுக்குக் கூசும். கண்மடலிலையும் போட்டிருக்கு.

— பாவம். நல்லாப் போட்டிருக்கோ?

— உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் மட்டும். நேற்றுப் பின்னேரம் டொக்குத்தர் வந்து பாத்தவர். குளிசையை நேரம் தவறாமல் குடுக்க வேணும், தண்ணி நிறையக் குடுக்க வேணும், மூச்சு வாங்கினால் உடன கொண்டு வர வேணும் எண்டவர். இரவு முழுக்க வேப்பிலையால தடவி விட்டபடி இருந்தனான். என்னை விட்டால் ஆரும் இல்லை.

— அப்ப நல்ல நேரம்தான் வந்திருக்கிறன். பழுக்கிற நேரம்தான் கெதியாத் தொத்துமாம். இந்த ஊரில மற்ற ரெண்டு வீட்டிலையும் தண்ணி வாத்தாச்சாம். இஞ்ச மட்டும்தான் இருக்கெண்டு அருளப்பு அண்ணை சொன்னவர்.

— அவர் சொல்லேல்லை. நான் சொல்லி விட்டனான்.

— நீங்களோ?

— ஓம். சரவணைப் பக்கம் ஓட்டோ போனால், கோசலா வீட்டுப் படலையில வேப்பிலை கட்டியிருக்கெண்டு துஷாந்தினியின்ர காதில போட்டு விடுங்கோ எண்டு சொன்னனான். வேற எதுக்குக் கூப்பிட்டாலும் நீர் என்ர படலையை மிதிக்க மாட்டீர். இதுக்கு எண்டால் ஓடி வருவீர். வந்தும் நிக்கிறீர்.

— என்னத்துக்கக்கா?

— ஒரு கேள்வி இருக்கு. மூண்டு வரியமா நெஞ்சுக்குழிக்க கிடக்குது. அதுக்கு நீர் மறுமொழி சொன்னால், நீர் கேக்கிறதுக்கு நான் மறுமொழி சொல்லுறன்.

— கேளுங்கோ. எனக்குத் தெரிஞ்சால் சொல்லுறன், கடவுளாணை.

— ஆணை இடாதையும். அம்மாள் வாசலுக்குள்ள வைச்சு இட்ட ஆணை திரும்பி வரும். சும்மாச் சொன்னால் காணும். என்ர சுதன்ர செத்தவீட்டுக்கு நீர் ஏன் வரேல்லை?

— அண்டைக்கு... அண்டைக்கு எனக்குச் சரியான தலையிடி.

— துஷாந்தினி.

— வர ஏலாமல் போச்சக்கா.

— எங்கட ரெண்டு வளவுக்கும் நடுவில ஒரு கிடுகு வேலி. உம்மட குசினி யன்னலைத் திறந்தால் என்ர பிள்ளையின்ர பெட்டி தெரியும். அடுத்த மாசமே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு சரவணைக்குப் போயிட்டீர். ஏனெண்டு கேட்டால் இவருக்கு அங்க வேலை மாத்தலாம் எண்டு சொன்னனீராம். உம்மட மனுசன் ஜெயரூபன் இண்டைக்கும் இஞ்ச குறிகட்டுவானுக்குத்தான் வேலைக்கு வாறார். நான் காணுறனான்.

— பழசை ஏனக்கா கிண்டுறீங்கள்? அம்மாள் கொண்டு போனதுக்கு ஆர் என்ன செய்யிறது?

— அம்மாளின்ர தலையில போடாதையும். அவ உள்ள கிடந்து கேட்டுக்கொண்டிருக்கிறா. பிள்ளை எப்பிடிக் கிடந்தவன் எண்டு உமக்குத் தெரியுமெல்லோ? காலமையில கண் திறக்க ஏலாமல் முகம் வீங்கும். வயிறு வீங்கும். கால் வீங்கும். ஒரு வரியமாக் குளிசை குடுத்து, உப்பில்லாமல் சமைச்சு, மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில எடுத்துக் காய்ச்சிப் பாத்துப் பாத்து அந்த வீக்கத்தை இறக்கினனான். டொக்குத்தர் என்னை இருத்தி வைச்சு மூண்டு தரம் சொன்னவர்: அம்மா, இந்தக் குளிசை குடிக்கிற பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வரவே கூடாது, போட்ட ஆக்களோட முட்ட விடாதையுங்கோ, தப்பித் தவறி முட்டினால் அண்டைக்கே தூக்கிக்கொண்டு வாங்கோ, அதுக்கு ஒரு ஊசி இருக்கு எண்டு.

— எனக்கு உது ஒண்டும் தெரியாதக்கா. குளிசை குடிக்கிறான் எண்டு மட்டும்தான் தெரியும்.

— அண்டைக்கே எண்டவர். விளங்குதோ? நாலைஞ்சு நாள் பிந்தினால் பேந்து பிரயோசனம் குறைவு எண்டவர். நான் கொண்டு போகேக்க பிள்ளையின்ர உடம்பு முழுக்கப் போட்டிட்டுது. எப்ப முட்டினவன், ஆரோட முட்டினவன் எண்டு கேக்கினம். எனக்குச் சொல்லத் தெரியேல்லை. பெத்த தாய், மாடு மாதிரி முழிச்சுக்கொண்டு நிண்டனான்.

— அழாதையுங்கோ அக்கா.

— நான் அழேல்லை. போன மாசம் வேலணையில அறநெறிப் பள்ளிக்கூடங்களுக்குப் பேச்சுப் போட்டி நடந்தது. நான் படிப்பிக்கிற பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனனான். உம்மட கஜானியும் வந்தவள். நல்லா வளந்திட்டாள். என்னைக் கண்டிட்டு ஓடி வந்து கையைப் பிடிச்சாள்.

— அவளுக்கு உங்களில சரியான விருப்பம்.

— ஓம். பிள்ளைக்கு மனசில கள்ளமில்லை. "ரீச்சர், எனக்கு அம்மாள் போட்டிருக்கேக்க சுதன் தம்பியும் நானும் ஒரு பாயில இருந்து நுங்கு தோண்டித் தோண்டிச் சாப்பிட்டனாங்கள், அவன் என்ர கையை நக்கினவன்" எண்டாள். சிரிச்சுக்கொண்டு சொன்னாள். நான் அந்த இடத்திலயே இருந்திட்டன், துஷாந்தினி. போட்டியில ஆர் வெண்டது எண்டும் எனக்குத் தெரியாது.

— சின்னப் பிள்ளையள் கண்டதையும் சொல்லுவினம். அப்ப அவளுக்கு ஆறு வயசுகூட இல்லை.

— நான் பிள்ளையிட்டக் கேக்கேல்லை. உம்மட்டக் கேக்கிறன். அது ஒரு சனிக்கிழமை. நான் குளிசை எடுக்க யாழ்ப்பாணம் போனனான். என்ர மனுசன் கொழும்புக் கடையில இருந்து ரெண்டு நாள் லீவில வந்து நிண்டவர். பிள்ளையை அவரிட்ட விட்டிட்டுப் போனனான். மத்தியானம் சாப்பிட்டிட்டு அவர் கண்ணயர்ந்திருப்பார். பிள்ளை வேலிப் பொட்டுக்கால புகுந்து உம்மட வளவுக்கு வந்திருப்பான். வந்த பிள்ளையை நீர் கலைச்சு விட்டிருக்கலாம். கையைக் கழுவி விட்டிருக்கலாம். இல்லாட்டி நான் பின்னேரம் பஸ்ஸால இறங்கி வரேக்க, அக்கா இப்பிடி நடந்து போச்சு எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நீர் பாய் போட்டு நுங்கு குடுத்தனீர்.

— அக்கா, என்னைப் போக விடுங்கோ. பெடியன் தனிய இருக்கிறான்.

— அருளப்பு அண்ணை பாத்துக்கொள்ளுவார். கதவு திறந்துதான் கிடக்குது, நான் உம்மைப் பிடிச்சு வைச்சிருக்கேல்லை. ஆனால் அம்மாள் வீட்டில கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் எழும்பிப் போனால், அந்த அம்மாள் உமக்குப் பின்னால சரவணைக்கு வருவா. நான் சொல்லேல்லை. உம்மட கொம்மா சொல்லுறவ.

— வெருட்டிறீங்கள்.

— மெல்லமாத்தான் வெருட்டிறன். சுதன் உம்மட வீட்டில இருந்தவனோ, இல்லையோ?

— இருந்தவன்.

— கஜானிக்கு அண்டைக்குப் போட்டிருந்ததோ?

— ஓம். மூண்டாம் நாள்.

— ஒரு பாயிலையோ?

— ஓமக்கா. ஒரு பாயில. என்னை வேற ஒண்டும் கேளாதையுங்கோ.

— இன்னொருக்காச் சொல்லும். கொஞ்சம் அறைப் பக்கம் திரும்பிச் சொல்லும். எனக்குக் கேட்டிட்டுது, உள்ள கேக்க வேணும்.

— உள்ளயோ? ஏன்? உள்ள ஆர் கிடக்கிறது?

— இஞ்சேருங்கோ. கேட்டியளோ? கண்ணைத் திறக்க ஏலாட்டியும் காது கேக்குமெல்லோ?

— அக்கா... ஆரோட கதைக்கிறீங்கள்?

— என்ர மனுசனோட.

— குலசிங்கம் அண்ணையோ உள்ள கிடக்கிறார்?

— வேற எத்தினை மனுசன் எனக்கு? ஞானசவுந்தரியின்ர மகள் முந்தநாளே வீட்டுக்குப் போயிட்டாள். பிள்ளை கிடக்குது எண்டு நீர்தான் சொன்னனீர். நான் சொல்லேல்லை.

— இவ்வளவு நேரமும் அவர் கேட்டுக்கொண்டோ கிடந்தவர்?

— அதுக்காகத்தானே உம்மைக் கூப்பிட்டனான். உம்மட முகம் ஏன் இப்பிடி வெளிறுது? இரும். இன்னும் முடியேல்லை.

— அண்ணை உங்களோட இல்லை, தமக்கை வீட்டில எண்டுதானே கேள்வி.

— மெய்தான். ஒரே வளவில ரெண்டு வீடு. கொழும்புக் கடையை விட்டிட்டு வந்தவர், மூண்டு வரியமாச் சோறு தண்ணி எல்லாம் அங்க. என்னோட ஒரு சொல் கதைக்கிறேல்லை. கிணத்தடியில கண்டால் வாளியை வைச்சிட்டுத் திரும்பிப் போவார். நேற்று உடம்பெல்லாம் போட்ட உடன அருமைத் தமக்கை என்ன செய்தவ தெரியுமோ? மத்தியான வெயிலுக்க, பாயும் தலையணியுமாக் கொண்டுவந்து என்ர விறாந்தையில கிடத்திப் போட்டுப் போயிட்டா. ஆனி பிறக்கப் போகுது, எட்டாந் திருவிழா அவையின்ர உபயமாம். அம்மாள் கிடக்கிற வீட்டுக்காரரைக் கோயில்ல தேர்வடம் தொடவும் விடாயினமாம்.

— உங்கட மாமா காலத்தில இருந்து உங்கட வீட்டுத் திருவிழா அல்லோ அது?

— பிள்ளை செத்த வரியம் துடக்கு, தீட்டு எண்டு தமக்கையின்ர மனுசன் கையில எடுத்தவர். எடுத்தது எடுத்ததுதான். அதை விடும். இவர் என்னோட ஏன் கதைக்கிறேல்லை எண்டு உமக்குத் தெரியுமோ?

— தெரியும்.

— தெரியாத மாதிரி இருந்து கேளும். பெட்டியில பிள்ளை கிடக்குது. நூறு சனம் நிக்குது. அவ்வளவு சனத்துக்கும் முன்னால என்னைப் பாத்துப் "பிள்ளைதின்னி" எண்டவர். வீக்கம் வத்தினால் கொண்டு வாறன் எண்டு நயினாதீவு அம்மாளுக்கு நேர்ந்திருந்தனான். அதுக்குப் பிள்ளையைப் படகில கொண்டு போனனான். அந்தச் சனத்துக்க இடிபட வைச்சு நீதான் வருத்தத்தை வாங்கிக்கொண்டு வந்தனீ எண்டவர். ஊர் நம்பினது. ஊரை விடும், நான் நம்பினனான். மூண்டு வரியம், துஷாந்தினி. படகுச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள்ள ஓடுவன். நான்தான் என்ர பிள்ளையைத் திண்டனான் எண்டு நானே நம்பிக்கொண்டு சோறு திண்டனான்.

— எனக்குத் தெரியுமக்கா. வேலிக்கு அங்காலை நிண்டு கேட்டனான்.

— கேட்டனீர். கேட்டுக்கொண்டு நிண்டனீர். ஒருக்கா வாய் திறந்து, அக்காவில பிழையில்லை எண்டு சொன்னனீரோ?

— இல்லை.

— நல்லது. இப்ப நான் என்ன செய்யப் போறன் எண்டு சொல்லுறன், வடிவாக் கேளும். கோயில்ல கொடியேறுற அண்டைக்கு நீர் வர வேணும். அம்மாள் வாசல்ல, முழு ஊருக்கும் முன்னால, என்ர வீட்டில கொப்புளிப்பான் இருக்கெண்டு தெரிஞ்சு கொண்டுதான் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில இருத்தினனான், தாயில ஒரு பிழையுமில்லை எண்டு நீர் வாயால சொல்ல வேணும்.

— ஏலாதக்கா. என்ர மாமியாக்கள் எல்லாம் நிப்பினம்.

— நிக்கட்டும். சொல்லாட்டி, மூண்டாம் தண்ணி வாத்து வேப்பிலையைக் கழட்டுற மட்டும்தான் நான் இப்பிடி மெல்லமாக் கதைப்பன். கழட்டின அடுத்த பஸ்ஸில சரவணைக்கு வருவன். உம்மட வாசல் மண்ணை ரெண்டு கையாலையும் அள்ளி உம்மட தலைக்கு மேல எறிவன். பிள்ளையைப் பறிகுடுத்தவள் மண் அள்ளித் திட்டினால் கடல் தாண்டினாலும் விடாது. நீர் கனடாவுக்கும் போம், அதுக்கு அங்காலையும் போம்.

— என்ர பிள்ளையளைத் திட்டாதையுங்கோ அக்கா! உங்கட காலில விழுறன்.

— மெல்லமா. பிள்ளையளை நான் ஏன் திட்டுறன்? ஆடு பகை, குட்டி உறவு. உம்மட பெடியனை நான் ஏன் உள்ளுக்கு விடேல்லை எண்டு நினைச்சீர்? அவன் இந்த வாசலை மிதிக்கக் கூடாது. நாளைக்கே கொண்டு போய் ஊசியைப் போடும். அதுதான் நீர் கேட்டதுக்கு என்ர மறுமொழி. என்ர பழி உம்மோட மட்டும்.

— என்னோட மட்டுமோ?

— பின்னை வேற ஆரோட?

— சொல்லுறன் அக்கா. கொடியேத்தத்துக்கு வந்து சொல்லுறன். ஆனால் முழுக்கச் சொல்லட்டோ, நீங்கள் சொன்ன அளவுக்குச் சொல்லட்டோ?

— என்ன கதை இது?

— பாதியைச் சொல்லிப் பாதியை மறைச்சால் அதுவும் பொய்தானே. இது அம்மாள் வீடு எண்டு நீங்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீங்கள்.

— மிச்சம் என்ன இருக்கு?

— சுதன் வேலிப் பொட்டுக்கால வரேல்லை அக்கா.

— பின்னை?

— படலையால வந்தவன். அண்ணை கையில பிடிச்சுக்கொண்டு வந்து விட்டவர்.

— எந்த அண்ணை?

— உள்ள கிடக்கிற அண்ணை.

— வாயைக் கழுவும்.

— மெல்லமாக் கதையுங்கோ அக்கா.

— தப்பிறதுக்கு ஒரு கதை கட்டுறீர். படுத்த படுக்கையில கிடக்கிற மனுசன், எழும்பி வந்து இல்லை எண்டு சொல்ல ஏலாது எண்ட துணிவு.

— எழும்ப ஏலாது, சொல்ல ஏலும்தானே. நான் சொல்லி முடிக்க அவரையே கேளுங்கோ. அதுக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் முத்தம் கூட்டிக்கொண்டு நிண்டனான். அண்ணை வேலிக்கு மேலால கூப்பிட்டவர். கஜானிக்குப் போட்டிருக்காமே எண்டு கேட்டவர். ஓமண்ணை, வேணுமெண்டு வாங்கினது எண்டு சொன்னனான். "அப்ப என்ர பெடியனையும் நாளைக்கு ஒருக்கா இருத்தி எடு, கோசலா கிளினிக்குக்குப் போயிடுவாள்" எண்டவர்.

— ஏன்? ஏன் அப்பிடிச் சொல்ல வேணும்? பெத்த தேப்பன்.

— எட்டாந் திருவிழா அக்கா.

— என்ன?

— ஊருக்குள்ள அம்மாள் உலாவுறா, இப்ப இல்லாட்டியும் பெடியனுக்கு எப்பவோ ஒருநாள் வரத்தான் போகுது எண்டவர். அது ஆனிக்க வந்தால் வீட்டில வேப்பிலை கட்ட வேணும், அத்தான்காரன் அதைச் சாட்டி உபயத்தைப் பறிச்சுப் போடுவான் எண்டவர். "இப்ப வைகாசியில வாங்கி விட்டால் கொடியேற முதல் தண்ணி வாத்து முடிஞ்சிடும், வீடு துப்பரவா இருக்கும்" எண்டு கைவிரலை மடக்கி நாள் எண்ணினவர்.

— நீர் ஒண்டும் கேக்கேல்லையோ?

— கேட்டனான். குளிசை குடிக்கிற பிள்ளையல்லோ அண்ணை, அக்காவிட்ட ஒரு சொல் கேளுங்கோவன் எண்டனான். வீக்கம் வத்தீட்டுது, இனி அதுக்கென்ன, அவளுக்குச் சொன்னால் டொக்குத்தர் டொக்குத்தர் எண்டு துள்ளுவாள், நீ வாய் திறக்காதை எண்டவர். நான் நல்லவள் எண்டு சொல்ல வரேல்லை அக்கா. நானும் தலையை ஆட்டினனான். பாயும் நான்தான் போட்டனான்.

— அவரும் அந்தப் பாயில இருந்தவரோ?

— இல்லை.

— எங்க நிண்டவர்?

— படலைக்கு வெளியில. தனக்கு இன்னும் வந்ததில்லையாம், இந்த வயசில வந்தால் ஆபத்தாம். பெடியனை மட்டும் உள்ளுக்கு விட்டிட்டு, றோட்டில பூவரச மரத்துக்குக் கீழ நிண்டு சிகரெட் பத்தினவர். ஒரு மணித்தியாலம் கழிச்சு, பிள்ளையைக் குளிப்பாட்டித் தா எண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்.

— குளிப்பாட்டியோ...

— ஓமக்கா. அண்டு பின்னேர பஸ்ஸில கொழும்புக்குப் போயிட்டார்.

— ஆசுப்பத்திரியிலையும் உள்ள வரேல்லை. தனக்கு வந்ததில்லை, நேர்ஸ்மார் விடேல்லை எண்டு கண்ணாடிக்கு அங்காலை நிண்டு பாத்தவர். அழுதவர். நான் உள்ள இருந்து அவருக்காகவும் சேத்து அழுதனான்.

— பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு அறிஞ்ச உடன நான் கொழும்புக்குப் போன் எடுத்து அண்ணையிட்டச் சொன்னனான். அக்காவுக்குச் சொல்லுங்கோ அண்ணை, டொக்குத்தருக்குச் சொல்லுங்கோ எண்டு. தான் சொல்லுறன் எண்டவர். சொல்லியிருப்பார் எண்டு நினைச்சன். செத்தவீட்டில உங்களைப் பாத்து அவர் அந்தச் சொல் சொல்லேக்கதான், அவர் சொல்லேல்லை எண்டு எனக்கு விளங்கினது. அதுக்குப் பிறகு எந்த முகத்தோட நான் உங்கட வீட்டுக்கு வாறது? உங்களைப் பாக்க ஏலாமல்தான் சரவணைக்கு ஓடினனான். இப்ப சொல்லுங்கோ. கொடியேத்தத்தில இவ்வளவையும் சொல்லட்டோ?

— கொஞ்சம் பொறும். இஞ்சேருங்கோ. நீங்கள்... நீங்கள் கேட்டுக்கொண்டுதானே கிடக்கிறீங்கள். உவள் சொல்லுறது பொய் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. அவளை இப்பவே கலைச்சு விடுறன்.

— அக்கா, திரையை விலத்தாதையுங்கோ, வெளிச்சம்...

— பேசாமல் இரும். இஞ்சேருங்கோ, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பாதையுங்கோ. நித்திரை இல்லை எண்டு எனக்குத் தெரியும். மூண்டு வரியம் கதைக்காமல் இருந்தது என்னில கோவத்தில எண்டு நினைச்சன். என்னைப் பாக்கப் பயத்திலயோ? இரவு முழுக்க இந்தக் கையால தடவி விட்டனான். அப்பவாவது சொல்லியிருக்கலாம். சொல்லுங்கோ. பொய் எண்டு சொல்லுங்கோ.

— சின்னனா... வந்து போகுமெண்டு நினைச்சன், கோசலா. வாய் வறளுது. தண்ணி தா.

— அக்கா, அண்ணை தண்ணி கேக்கிறார். அக்கா? ஏன் அப்பிடியே நிக்கிறீங்கள்? கிடக்கிற ஆள் கேட்டால் இல்லை எண்டு சொல்லக் கூடாது. அம்மாள் இருக்கிற வீடக்கா இது.

— துஷாந்தினி, வெளியில போம். போகேக்க படலையில கட்டிக் கிடக்கிற வேப்பிலையை, ஒரு இலை மிச்சமில்லாமல் அவிட்டு எறிஞ்சிட்டுப் போம்.